திமிங்கல ஆய்வாளர் ஆக: முதல் கேள்வியிலிருந்து முதல் வேலை வரை

திமிங்கல ஆராய்ச்சி என்றால் படகு, கடல், பக்கத்தில் வந்து மூச்சு விடும் பெரிய உடல் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அதுவும் உண்டுதான். ஆனால் பெரும்பாலான ஆய்வாளர்கள் வருடத்தில் சில வாரங்களோ மாதங்களோதான் கடலில் இருக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் படங்களை ஒப்பிடுவது, ஒலிப்பதிவை அலசுவது, நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது என்று கணினி முன்னால் போய்விடும். கடல் பக்கமே போகாமல் நல்ல ஆய்வு செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதைக் கேட்டு உற்சாகம் குறைகிறது என்றால், நாலு வருடம் கழித்துக் குறைவதைவிட இப்போது குறைவது நல்லது. இந்தத் துறைக்கு ஆசையோடு வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஏதாவது ஒரு வேலையை உருப்படியாகச் செய்யத் தெரிந்தவர்களுக்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு. கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டாவது ரகத்தில் சேர்வதற்கான வழி.

முதல் படி: ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

“சின்ன வயதிலிருந்தே திமிங்கலம் பிடிக்கும்” என்று தொடங்கும் விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கின்றன. படிக்கிறவர் முதல் வரியோடு அடுத்ததற்குப் போய்விடுவார். அவர் தேடுவது ஒரு கேள்வியை.

கேள்வி எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் நல்ல உதாரணம். 2003இல் இலங்கைக் கடலில் நீலத் திமிங்கலங்கள் கூடியிருந்த இடத்தில் சிவப்பாக மிதந்த கழிவை அவர் பார்த்தார். பெரிய திமிங்கலங்கள் குளிர்ந்த கடலில் இரை தின்னும், வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடும் என்பதுதான் அதுவரை பாடம். கழிவு இருக்கிறது என்றால் பக்கத்திலேயே எங்கோ தின்கின்றன என்று அர்த்தம். அப்படியானால் இந்த வெப்பக் கடலில் அவற்றுக்கு இரை எப்படிக் கிடைக்கிறது? துருவக் கடலுக்குப் போகாமலே இவை எப்படிக் காலம் தள்ளுகின்றன? அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போய்தான் அவர் முனைவர் பட்டம் வாங்கினார். 2017இல் ஓஷன்ஸ்வெல் என்ற அமைப்பையும் தொடங்கினார்.

உங்கள் முதல் கேள்வி இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. “இந்த விரிகுடாவுக்கு எந்த மாதங்களில் வருகின்றன?”, “கப்பல் கடந்து போகும்போது குரல் கொடுப்பதை நிறுத்துகின்றனவா?” போன்றவை போதும். கேள்வி தேட எளிய வழி, அண்மையில் வந்த ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தைப் படிப்பது. எங்கே தரவு போதவில்லை, எது இன்னும் புரியவில்லை என்று அங்கேதான் ஒப்புக்கொண்டிருப்பார்கள். ‘மரைன் மம்மல் சயின்ஸ்’ இதழிலிருந்து வாரம் ஒரு கட்டுரை என்று படித்து வந்தால், ஆறு மாதத்தில் யார் எதைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது பிடிபட்டுவிடும்.

இரண்டாம் படி: படிப்பு

இளங்கலையில் திமிங்கலத்துக்கென்று தனிப் படிப்பைத் தேடி அலைய வேண்டாம். விலங்கியல், கடல் உயிரியல், சூழலியல் ஆகியவை வழக்கமான வழிகள். புள்ளியியல், இயற்பியல், மின்னணுப் பொறியியல், கணினி, கால்நடை மருத்துவம் படித்தவர்களும் இந்தத் துறையில் நிறையவே இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஏற்கெனவே பொறியியலோ இயற்பியலோ படித்துக்கொண்டிருப்பவர் அதை விட்டுவிட்டு உயிரியலுக்கு ஓடி வரத் தேவையில்லை.

காரணம் சொல்கிறேன். ஆழத்தில் திமிங்கலம் என்ன செய்கிறது என்பது பல காலம் ஊகமாகத்தான் இருந்தது. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் மார்க் ஜான்சன் என்ற பொறியாளரும் பீட்டர் டையாக் என்ற உயிரியலாளரும் சேர்ந்து டீடேக் என்ற கருவியை உருவாக்கினார்கள். உறிஞ்சு கிண்ணங்களால் முதுகில் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி அது. திமிங்கலம் எழுப்புகிற ஒலி, கேட்கிற ஒலி, முங்கும் ஆழம், உடல் திரும்பும் கோணம் எல்லாவற்றையும் சில மணி நேரத்துக்குப் பதிவு செய்யும். பிறகு தானாகக் கழன்று மிதக்கும். வானொலிச் சமிக்ஞையைப் பின்தொடர்ந்து போய் எடுத்துக்கொள்ளலாம். இதே போன்ற உறிஞ்சு கிண்ணத்தில் மின்முனைகளைப் பொருத்தி, 2018இல் கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் ஒரு நீலத் திமிங்கலத்தின் இதயத் துடிப்பை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். ஆழத்தில் நிமிடத்துக்கு இரண்டு துடிப்பு வரை குறைந்தது; மேலே வந்து மூச்சு வாங்கும்போது 37 வரை போனது. உயிரியல் மட்டும் தெரிந்தவர்களால் அந்தக் கருவியைச் செய்திருக்க முடியாது.

எந்தப் பட்டமானாலும் கூடவே புள்ளியியலும், ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல் மொழிகளில் ஒன்றும் கட்டாயம். இரண்டையும் அரைகுறையாகக் கற்பதைவிட ஒன்றை நன்றாகக் கற்பது மேல். ஆங்கிலத்தில் தெளிவாக எழுதப் பழகிக்கொள்ளுங்கள், இந்தத் துறையின் எழுத்தெல்லாம் அதில்தான் நடக்கிறது. அப்புறம் ஒரு விஷயம்: புதிதாக வருகிறவர்கள் பலர் முதல் வேலையாக ஸ்கூபா டைவிங் சான்றிதழுக்குச் செலவு செய்கிறார்கள். திமிங்கல ஆய்வில் அது அரிதாகத்தான் தேவைப்படும். அதே காசில் சிறு படகு ஓட்டவும், கடல் வானொலியைக் கையாளவும், முதலுதவி செய்யவும் கற்றுக்கொண்டால் எந்தக் குழுவும் உங்களை வேண்டாம் என்று சொல்லத் தயங்கும்.

மூன்றாம் படி: வீட்டிலிருந்தே இரண்டு வேலைகளைப் பழகுங்கள்

கடலுக்குப் போக வாய்ப்புக் கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. துறையின் அன்றாட வேலைகளில் இரண்டை இணையத்தில் கிடைக்கும் பொருளை வைத்தே கற்றுக்கொள்ளலாம்.

ஒன்று, படத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பது. ஹம்ப்பேக் திமிங்கலம் முங்கும்போது வாலைத் தூக்கும். அந்த வாலின் அடிப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் தனி. ஓர்காவுக்கு முதுகுத் துடுப்பும் அதன் பின்னால் இருக்கும் சாம்பல் திட்டும், ரைட் திமிங்கலத்துக்குத் தலையில் இருக்கும் சொரசொரப்பான காய்ப்புகளும், நீலத் திமிங்கலத்துக்கு விலாவில் படர்ந்த புள்ளிகளும் அடையாளம். 1970களின் தொடக்கத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மைக்கேல் பிக் இந்த முறையில்தான் ஓர்காக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்தார். ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று நம்பிய இடத்தில் சில நூறுதான் இருந்தன.

ஹம்ப்பேக் வால் படங்களை ஒப்பிட உட்காரும்போது முதலில் நிறத்தைப் பாருங்கள். முழு வெள்ளையிலிருந்து முழுக் கறுப்பு வரை எந்தப் பக்கம் என்று பிரித்தாலே பாதி வேலை முடிந்தது. அடுத்து நடுவில் இருக்கும் வெட்டின் வடிவம். அதன் பிறகு பின் விளிம்பு. ரம்பம் போன்ற அதன் பற்களில் எது நீளம், எது உடைந்தது என்று ஓரத்திலிருந்து ஓரம் வரை பாருங்கள். சில வால்களில் நாலைந்து கோடுகள் இணையாக ஓடும். அவை ஓர்காவின் பல் தடங்கள், நல்ல அடையாளம். குட்டிகளில் மட்டும் நிறத்தை நம்பாதீர்கள், முதல் சில வருடங்களில் அது மாறும், விளிம்பை நம்புங்கள். 2015இல் தொடங்கிய ஹேப்பிவேல் தளம் இந்த ஒப்பீட்டைக் கணினியால் செய்கிறது. யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம். கணினி செய்துவிடுகிறதே, நான் ஏன் பழக வேண்டும் என்று கேட்கலாம். மங்கலான படத்தில், பாதி வால் மட்டும் தெரியும்போது கணினி தரும் பதிலை ஏற்பதா தள்ளுவதா என்று சொல்ல இன்னும் பழகிய கண் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வேலை ஒலி. வுட்ஸ் ஹோலின் வாட்கின்ஸ் ஒலித் தொகுப்பில் கடற்பாலூட்டிகளின் பழைய பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மான்டெரே விரிகுடாவில் சுமார் 900 மீட்டர் ஆழத்தில் வைத்திருக்கும் ஹைட்ரோபோன் என்ற நீரடி ஒலிவாங்கியின் ஒலியும் இணையத்தில் வருகிறது. ரேவன், பேம்கார்ட் போன்ற மென்பொருள்களில் ஒன்றைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராமாகப் பாருங்கள்: இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண். ஃபின் திமிங்கலத்தின் குரல் 20 ஹெர்ட்ஸை ஒட்டி, ஒரு விநாடி நீளத்தில், லேசாகக் கீழே சரியும் சின்னக் கோடாகத் திரும்பத் திரும்ப வரும். அது நம் காதின் கீழ் எல்லை. ஹெட்போனில் ஒன்றும் கேட்காது. பத்து மடங்கு வேகத்தில் ஓட்டினால் கேட்கும். ஸ்பெர்ம் திமிங்கலம் நேர்மாறு, இரை தேடும்போது விநாடிக்கு ஒன்றிரண்டு ‘டிக்’ என்று சீராக வரும். அந்த ‘டிக்’குகள் திடீரென்று நெருங்கி, கதவு கிறீச்சிடுவது மாதிரி ஆனால், இரையின் மேல் பாயப் போகிறது என்று அர்த்தம்.

இங்கே ஒரு நுட்பம். ஒரு ஒலியைப் பதிவு செய்ய, அதன் அதிர்வெண்ணைப் போல் குறைந்தது இரு மடங்கு வேகத்தில் மாதிரி எடுக்க, அதாவது ஒலியை விநாடிக்கு அத்தனை தடவை அளந்து குறிக்க வேண்டும். ஹார்பர் போர்பாய்ஸ் என்ற டால்பின் போன்ற சின்னக் கடற்பாலூட்டி எழுப்பும் 130 கிலோஹெர்ட்ஸ் ஒலியைச் சாதாரண ஒலிப்பதிவுக் கருவி பதிவே செய்யாது. “கடலில் அவை இல்லை” என்று அறிக்கை எழுதும் முன் கருவிக்குக் கேட்கும் திறன் இருந்ததா என்று பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி.

நான்காம் படி: எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்

புதியவர்கள் ஓடி ஒளிகிற இடம் இது. ஆனால் திமிங்கல அறிவியலின் முதுகெலும்பே இதுதான். சட்டம், நிதி, கப்பல் பாதை எல்லாமே “எத்தனை இருக்கின்றன, கூடுகின்றனவா குறைகின்றனவா” என்ற கேள்விக்கான பதிலைக் கேட்டுத்தான் நகரும்.

ஒரு சின்னக் கணக்கு. இந்த வருடம் 50 திமிங்கலங்களைப் படம் பிடித்துவிட்டீர்கள். அடுத்த வருடம் 40. அந்த 40இல் 10, போன வருடம் பார்த்த அதே ஆட்கள். அதாவது, நீங்கள் முன்பு பார்த்த 50 என்பது மொத்தத்தில் கால் பங்கு. அப்படியானால் மொத்தம் 200. எளிது. ஆனால் இந்த 200க்குப் பின்னால் இருக்கும் அனுமானங்களைக் கேளுங்கள்: நடுவில் எதுவும் சாகவில்லை, பிறக்கவில்லை, வேறு கடலுக்குப் போகவில்லை, எல்லாத் திமிங்கலமும் ஒரே அளவுக்குக் கேமராவில் சிக்கும். இதில் எதுவுமே கடலில் உண்மை இல்லை. படகைக் கண்டால் விலகும் தாய்களும் உண்டு, படகைத் தேடி வரும் இளசுகளும் உண்டு. அந்தப் பிழைகளைச் சரிசெய்யும் கணித மாதிரிகளைக் கற்றுக்கொள்வதுதான் முதுகலையில் நீங்கள் உண்மையில் செய்யப்போகிற வேலை.

இன்னொரு முறை, கப்பலை நேர்க்கோட்டில் ஓட்டி இருபக்கமும் பார்த்து எண்ணுவது. இதிலும் ஒரு வலை உண்டு. ஸ்பெர்ம் திமிங்கலம் முங்கினால் முக்கால் மணி நேரம் கீழேயே இருக்கும். பத்து நாட் வேகத்தில் போகும் கப்பல் அதற்குள் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் கடந்துவிடும். கப்பலுக்கு நேர் கீழே இருந்த திமிங்கலத்தை யாருமே பார்க்காமல் போகலாம். கூவியரின் அலகுத் திமிங்கலம் இன்னும் மோசம். அது 2,992 மீட்டர் ஆழம் வரை போனதும், வேறொரு தடவை 222 நிமிடம் மேலே வராமல் இருந்ததும் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் பார்த்த எண்ணிக்கையை “பார்க்க முடியாமல் போன” பங்கைக் கொண்டு திருத்துகிறார்கள். டிஸ்டன்ஸ் சாம்ப்ளிங் என்ற தலைப்பில் தேடினால் பாடங்களும் பயிற்சித் தரவுகளும் கிடைக்கும். ஒரு முறையாவது கையால் போட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: முதல் கடல் பயணம்

முதல் வாய்ப்பு பெரும்பாலும் பார்வையாளர் வேலையாக இருக்கும். அரை மணி, முக்கால் மணிக்கு ஒரு தடவை இடம் மாறி மாறி, தொலைநோக்கியோடு நின்று கடலைத் துழாவ வேண்டும். திமிங்கலத்தை நேராகத் தேடாதீர்கள், அறிகுறியைத் தேடுங்கள்: மூச்சுப் புகை, தெறிப்பு, கூடும் பறவைகள். மூச்சிலிருந்தே இனம் சொல்லலாம். ரைட் திமிங்கலத்தின் மூச்சு இரண்டாகப் பிரிந்து எழும். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் மூச்சு முன்னால் இடப்பக்கம் சாயும். நீலத் திமிங்கலத்தின் மூச்சு உயரமான தூணாக நிற்கும்.

பார்த்தவுடன் கத்துவதற்கு முன் நேரம், கோணம், தூரம் இந்த மூன்றையும் வாயால் சொல்லி எழுத வையுங்கள். அப்புறம் ரசிக்கலாம். திமிங்கலமே தென்படாத மணி நேரங்களையும், காற்றும் அலையும் எப்படி இருந்தன என்பதையும் அதே கவனத்தோடு எழுத வேண்டும். எவ்வளவு நேரம் தேடினோம் என்று தெரியாவிட்டால் பார்த்த எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை. அலை கூடக் கூடச் சின்ன இனங்கள் முதலில் கண்ணுக்குத் தப்பும், ஆகவே பல கணக்கெடுப்புகளில் ஓர் அளவுக்கு மேல் காற்று வீசினால் வேலையை நிறுத்திவிடுவார்கள். அப்படிக் கரையில் காத்திருக்கும் நாட்களுக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

கடல் வாந்தி வருமே என்று கேட்பவர்கள் அதிகம். மருந்து இருக்கிறது, பலருக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். பயப்பட வேண்டிய விஷயங்கள் வேறு. கரை ஒதுங்கிய திமிங்கலத்தின் பிரேதப் பரிசோதனையில் கத்தியும், தொற்றும், அழுகும் உடலுக்குள் திரளும் வாயுவும் உண்மையான ஆபத்துகள். வலையில் சிக்கியதை விடுவிப்பது அதைவிட ஆபத்து. 2017இல் கனடா கடலில் ஒரு ரைட் திமிங்கலத்தின் கயிற்றை அறுத்து விடுவித்த அனுபவசாலியான மீட்பர் ஒருவர், அடுத்த கணமே அந்த விலங்கு அடித்த அடியில் இறந்துபோனார். பயிற்சியும் அனுமதியும் இல்லாமல் சிக்கிய திமிங்கலத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள். யார் கூப்பிட்டாலும் சரி.

ஆறாம் படி: மாதிரிகளும் அனுமதிகளும்

ஒரு சின்னத் துண்டுத் தோலும் கொழுப்பும் போதும், எவ்வளவோ தெரிந்துவிடும்: ஆணா பெண்ணா, கருவுற்றிருக்கிறதா, எதைத் தின்கிறது, எந்த நச்சுகள் சேர்ந்திருக்கின்றன. குறுக்குவில்லில் வெற்று முனையுள்ள அம்பைப் பொருத்தி எய்து எடுப்பார்கள். அம்பு பட்டுத் தெறித்து மிதக்கும். ட்ரோனை மூச்சுப் புகைக்குள் பறக்கவிட்டுச் சளியைச் சேகரிப்பதும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று முழுக்க முழுக்கக் கழிவை வைத்து நடந்தது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ரோசலிண்ட் ரோலண்டின் குழு ரைட் திமிங்கலங்களின் மிதக்கும் கழிவைச் சேகரித்துவந்தது. மோப்ப நாய்களும் படகில் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கப்பல் போக்குவரத்து சட்டென்று குறைந்து, கடலின் சத்தமும் குறைந்தது. அந்த நாட்களின் கழிவில் மன அழுத்த ஹார்மோனும் குறைந்திருந்தது. 2012இல் இது வெளியானது. கப்பல் சத்தம் திமிங்கலத்தை உண்மையிலேயே வாட்டுகிறது என்று காட்டிய இந்த ஆய்வுக்கு வேண்டியிருந்தது, வருடம் தவறாமல் மாதிரி சேர்த்து வைத்த பொறுமை.

இதில் எதையும் அனுமதியில்லாமல் செய்ய முடியாது. பல நாடுகளில் திமிங்கலத்தை நெருங்குவதற்கே உரிமம் வேண்டும். பெரிய திமிங்கலங்களில் ஏறக்குறைய எல்லாமே அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பதால், விரல் நுனி அளவு தோலைக் கூட ஆவணமின்றி எல்லை தாண்டி அனுப்பக் கூடாது. அனுமதி கிடைக்க மாதங்கள் ஆகும். ஆய்வுத் திட்டத்தில் முதலில் எழுத வேண்டிய தேதி இதுதான். வேற்று நாட்டுக் கடலில் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் அந்த நாட்டு ஆய்வாளர்களை முதல் நாளிலேயே பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்து, தரவை அள்ளிக்கொண்டு, போய்விடுவதைப் ‘பாராசூட் அறிவியல்’ என்கிறார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் உரிக்க முடியாது.

ஏழாம் படி: கடிதம், கைடு, காசு

முதுகலைக்கோ பிஎச்டிக்கோ கைடு தேடும்போது நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவது வீண். ஐந்து பேருக்கு, அவர்களுடைய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுங்கள். நாலு பத்தி போதும்: எந்தக் கட்டுரை, அதிலிருந்து எழுந்த உங்கள் கேள்வி, உங்களுக்குச் செய்யத் தெரிந்த வேலை, என்ன வாய்ப்பு வேண்டும். நீங்கள் எழுதிய நிரலுக்கோ ஒப்பிட்ட படத் தொகுப்புக்கோ இணைப்பு கொடுத்தால், பக்கம் பக்கமாக ஆர்வத்தை விளக்க வேண்டியிருக்காது. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். பாதிப் பேர் அப்போது கடலில் இருப்பார்கள். ஒப்புக்கொள்வதற்கு முன் அவருடைய பழைய மாணவர்கள் இருவரிடமாவது பேசுங்கள்.

சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் இந்தத் துறையின் பழைய நோய். காசுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே உள்ளே வர முடிகிற நிலையை அது உண்டாக்கிவிட்டது. தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்து, எதையாவது திட்டவட்டமாகக் கற்றும் கொடுத்தால் ஒரு பருவம் போகலாம். நீங்களே பெரும் தொகை கட்டி, அங்கே செய்வது பாத்திரம் கழுவுவதும் சுற்றுலாப் பயணிகளுக்கு டிக்கெட் கிழிப்பதும்தான் என்றால் வேண்டாம். முன்பு போனவர்களின் பெயர் எந்த வெளியீட்டிலாவது வந்திருக்கிறதா என்று தேடினாலே உண்மை தெரிந்துவிடும்.

எட்டாம் படி: வேலை எங்கே இருக்கிறது

பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி மிகக் குறைவு. பிஎச்டி, அதற்கு மேல் பல வருடத் தற்காலிக ஆய்வுப் பணி என்று நீளும் பாதை அது. அரசு மீன்வளத் துறைகள், கடற்பாதுகாப்பு அமைப்புகள், அருங்காட்சியகங்கள், சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள் ஆகியவற்றிலும் இடம் உண்டு. கொள்கைப் பக்கம் நாட்டம் இருந்தால் அதையும் ஒதுக்காதீர்கள். 2003இல் ஃபண்டி விரிகுடாவின் கப்பல் பாதை ரைட் திமிங்கலங்கள் கூடும் இடத்தை விட்டு நகர்த்தப்பட்டது. வருடக்கணக்கில் சேர்த்த பார்வைத் தரவை அதிகாரிகளுக்குப் புரியும் வரைபடமாக மாற்றத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது.

புதியவர்களுக்குச் சம்பளத்தோடு சீக்கிரம் கிடைப்பது கடற்பாலூட்டிக் கண்காணிப்பாளர் வேலை. எண்ணெய் தேடும் நில அதிர்வுக் கப்பல்களிலும், கடல் காற்றாலை கட்டும் இடங்களிலும் இவர்கள் இருக்க வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. உதாரணமாக பிரிட்டனின் நெறிமுறைப்படி, கடலடியை ஆராயப் பெரும் ஒலி எழுப்பும் ஒலித் துப்பாக்கியை இயக்குவதற்கு முன் 30 நிமிடமும், 200 மீட்டருக்கு மேல் ஆழமான கடலில் 60 நிமிடமும் சுற்றுவட்டம் 500 மீட்டருக்குள் கடற்பாலூட்டி எதுவும் இல்லை என்று பார்க்க வேண்டும். தென்பட்டால் இயக்கத்தைத் தள்ளிப்போடச் சொல்ல வேண்டும். குறுகிய காலப் பயிற்சி, கடல் பாதுகாப்புச் சான்றிதழ், மருத்துவத் தகுதி ஆகியவை வேண்டும். வாரக்கணக்கில் கப்பலிலேயே இருக்க வேண்டியிருக்கும். திமிங்கலத்தின் கடலைக் குடைகிறவர்களிடமே சம்பளம் வாங்குவதா என்று சிலருக்கு உறுத்தும், நியாயமான உறுத்தல்தான். நான் பார்த்தவரை, அந்தக் கப்பலில் கறாரான ஆள் இருப்பதுதான் திமிங்கலத்துக்கு நல்லது.

இந்த வேலைக்கும் சரி, பின்னால் ஆய்வுக் குழுக்களுக்கும் சரி, கண்காணிப்பில் கழித்த மணி நேரத்தைக் கேட்பார்கள். அதனால் முதல் பயணத்திலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, கப்பல், கடற்பகுதி, எத்தனை மணி நேரம், எந்த இனங்கள், பொறுப்பாளரின் கையெழுத்து. கையெழுத்தைப் படகை விட்டு இறங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், அப்புறம் அவரைப் பிடிப்பது கஷ்டம்.